கால் கழலும் காட்சி

மே 7

போக்குவரத்துத் தொழிற்சங்கத்தில் வருஷா வருஷம் இலவசமாக ஒரு டைரி கொடுப்பார்கள். இதுவரை எந்த டைரியிலும் நான் ஒரு எழுத்து எழுதியதில்லை. என் மனைவி உலகம்மாள்தான் அதில் கோலம் வரைந்து பார்ப்பாள். இந்த வருஷ டைரியை நான் பிடுங்கிக்கொண்டேன். ஏப்ரல் வரைக்கும் புள்ளிக் கோலம், மே மாதத்திலிருந்து இந்தக் கோமதிநாயகம். பஸ் கண்டக்டருக்கு எழுத என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், படுத்துக் கிடக்கிற கண்டக்டருக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று கேட்பேன்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். சர்க்கரைப் புண். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எழுதியாயிற்று. இனி அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது தளவாய் அண்ணாச்சி தோள் கொடுத்தார். அவர் என் வண்டி டிரைவர். பாபநாசம் ரூட்டில் அவர் ஸ்டியரிங்கும் என் விசிலும் பல வருஷமாகச் சேர்ந்தே ஓடுகின்றன. வாசலில் உலகம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். தெருவே பார்க்கும்படி நான் கத்திவிட்டேன். அவள் தட்டை அப்படியே உள்ளே கொண்டுபோய்விட்டாள். தண்ணீரை முருங்கை மூட்டில் ஊற்றிவிட்டதாக மகள் செண்பகம் சொன்னாள். உலகம்மாள் சொன்னது என்ன வார்த்தை என்பதும் இங்கே வேண்டாம்.

மே 11

உலகம்மாள் தினமும் கட்டைப் பிரித்து, துடைத்து, மறுபடி கட்டுகிறாள். அந்த நேரம் நான் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்ப்பேன். ஜவுளிக் கடைக் காலண்டர். அதில் ஒரு பெண் பட்டுச் சேலை கட்டி நிற்கிறாள். அவளுடைய இரண்டு காலும் சேலைக்குள் மறைந்திருப்பது நல்லதாகப் போயிற்று.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டு ஃபேனைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஒருவர்கூடப் போர்வைக்குக் கீழே பார்ப்பதில்லை. ஃபேனுக்கு வாய் இருந்தால் அது நல்லபடியாக நலம் சொல்லியிருக்கும்.

மே 16

மதியம் பூசணிக்காய்க் கூட்டு. உப்பு கம்மி. சொல்லவில்லை.

மே 19

பகலில் தூங்கி எழுந்தால் முன் அறையில் ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். கூடவே செண்பகத்தின் சிரிப்பு. கல்லூரியில் இரண்டாம் வருஷம் முடித்து லீவில் இருக்கிறாள். சினிமா எடுப்பது பற்றிய படிப்பு, விஸ்காம் என்பார்கள். அந்தப் படிப்பில் வேலை கிடைக்குமா என்று நான் கேட்க, கிடைக்காது என்று அவளே சொல்லிவிட்டுச் சேர்ந்தாள். நேர்மையான பிள்ளை.

என்ன சத்தம் என்று கேட்டேன். லேப்டாப்பைச் சாத்தினாள்.

"நீங்க பாக்காதியப்பா. ஜாம்பி படம். ஒரே ரத்தமா இருக்கும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனுக்கு ரத்தத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறாள். கொண்டு வா என்றேன்.

ஏதோ ஒரு வெளிநாடு. சலூன் கடை. செத்துப்போன ஒருவன் எழுந்து வந்து சவரம் செய்ய உட்காருகிறான். சலூன்காரர் பழக்கதோஷத்தில் துண்டைப் போர்த்துகிறார். கத்தியை வைத்ததும் காது கையோடு வந்துவிடுகிறது. அவர் அதைப் பேப்பரில் மடித்து, வந்தவனின் சட்டைப் பையில் மரியாதையாக வைத்துவிட்டு அடுத்த காதுக்குப் போகிறார். அதற்குப் பிறகு ரத்தம் என்றால் அப்படி ஒரு ரத்தம், தெருக் குழாய் உடைந்த மாதிரி. கண்ணாடி, கூரை, சீப்பு, பவுடர் டப்பா எல்லாவற்றிலும் அடிக்கிறது. ஒரு உடம்பில் இவ்வளவு இருக்காது என்று எனக்கே தெரியும்.

இதெல்லாம் ஒரு படமா, இதை எடுத்தவனுக்குப் பெற்றவர்கள் இல்லையா என்று திட்டினேன். முழுதாகப் பார்த்து முடித்த பிறகுதான் திட்டினேன்.

மே 23

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

செண்பகம் வேறொரு படம் போட்டாள். கல்யாண மண்டபத்தில் செத்தவர்கள் புகுந்துவிடுகிறார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களையே சாப்பிடுகிறார்கள். சமையல்காரர் பெரிய கரண்டியால் அடிக்க, ஒரு தடித்த ஜாம்பியின் கால் முழங்காலோடு கழன்று பறந்து, பாயசம் மாதிரி ஏதோ இருந்த அண்டாவில் விழுந்தது.

செண்பகம் பாய்ந்து படத்தை நிறுத்தினாள். இந்தக் காட்சி இருப்பது அவளுக்கு மறந்துபோயிருக்கிறது. அடுக்களையில் உலகம்மாள் கையிலிருந்த மூடி கீழே விழுந்து சுழன்றுகொண்டே இருந்தது.

மூடி நின்றதும் நான், போடு, என்ன ஆச்சு என்று பார்ப்போம் என்றேன்.

அவள் தயங்கித் தயங்கிப் போட்டாள். அந்தத் தடியன் கீழே பார்த்தான். கால் இல்லை. சரி என்று தோளைக் குலுக்கிவிட்டு நொண்டியடித்துக்கொண்டே அண்டாவுக்குப் போனான். காலை எடுத்து நக்கிப் பார்த்தான். இனிப்பாக இருந்திருக்கிறது. பிறகு அந்தக் காலாலேயே சமையல்காரரை மண்டபம் முழுக்கத் துரத்தி அடித்தான்.

நான் சிரித்தேன். சிரிப்பு வந்தது என்று எழுதினால் போதாது. இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கட்டில் ஆடும்படி சிரித்தேன். செண்பகமும் சிரித்தாள். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று போனவள் வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மே 24

அந்தக் காட்சியை மறுபடி போடச் சொன்னேன். போட்டாள். மறுபடியும்.

ஜூன் 2

இப்போது தினமும் ஒரு படம். தலையில் கோடாலியோடு வேலைக்குப் போகிற ஆள், தன் குடலைத் தானே மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவள், துண்டிக்கப்பட்ட கை தனியாகப் போய்க் கதவைத் தட்டுவது என்று எல்லாம் பார்த்துவிட்டேன். நிஜத்தில் என் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சர்க்கரை பார்ப்பதற்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இதில் குடம் குடமாக ஊற்றினால் சிரிப்பு வருகிறது. ஏன் என்று யோசித்தேன்.

ரத்தம் கொஞ்சமாக இருந்தால் அது நம்முடையது. அளவில்லாமல் போனால் யாருடையதும் இல்லை. இது ஒன்று. இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. இந்தப் படங்களில் ஒருவனுக்குக் கால் போனால் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். அலறுகிறார்கள், சுட்டிக்காட்டுகிறார்கள், தூக்கி எறிந்து விளையாடுகிறார்கள். ஒருவரும் ஃபேனைப் பார்ப்பதில்லை.

உலகம்மாள் இதைப் பொணப் படம் என்கிறாள். இதைப் பார்த்தால் சோறு இறங்குமா என்று மகளிடம் கேட்கிறாள். என்னிடம் கேட்பதில்லை. என்னிடம் மாத்திரை, சாப்பாடு, கட்டு, இந்த மூன்றைத் தவிர அவளுக்குப் பேச்சு இல்லை. ஆனால் படம் ஓடும்போது அடுக்களை வாசலில் கரண்டியோடு நிற்கிறாள். நேற்று லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்து படம் பாதியில் நின்றபோது, அந்தப் பிள்ளைத்தாச்சி தப்பித்தாளா இல்லையா என்று செண்பகத்திடம் குசுகுசுவென்று கேட்டது என் காதில் விழுந்தது.

ஜூன் 13

கால் செய்கிற இடத்துக்கு அளவெடுக்கக் கூட்டிப்போனார்கள். மாவு தடவி அச்சு எடுத்தார்கள். நான் அங்கே இருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல ஃபேன்.

ஜூன் 25

தளவாய் அண்ணாச்சி வந்தார். ஆனித் தேருக்கு ஸ்பெஷல் வண்டி விட்டிருக்கிறார்களாம், கூட்டம் படியில் தொங்குகிறதாம். புது கண்டக்டர் பையனுக்கு விசில் ஊதத் தெரியவில்லை, பால் குடிக்கிற பிள்ளை சத்தம் போடுகிற மாதிரி ஊதுகிறான் என்று குறைப்பட்டார். எல்லாவற்றையும் ஃபேனிடம்தான் சொன்னார். நான் ஜாம்பி படம் போடச் சொன்னேன். இத்தனை வருஷம் மலைப்பாதையில் வண்டி ஓட்டிய மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முடிஞ்சிட்டா, முடிஞ்சிட்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முடியவில்லை என்று நான் பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன். நல்ல சாயங்காலம்.

ஜூலை 5

கால் வந்துவிட்டது. மூலையில் நிற்கிறது. மேலே துண்டு போட்டு மூடச் சொன்னேன்.

ஜூலை 9

வாரம் ஒரு நாள் வரும் பிசியோதெரபி தம்பி சாமுவேல் இன்று என்னிடம் சிரித்துப் பேசவில்லை. புண் நன்றாக ஆறிவிட்டது என்றார். ஆனால் நான் எந்நேரமும் முழங்காலை மடக்கித் தலையணை மேல் வைத்திருப்பதால் முட்டி இறுக ஆரம்பித்துவிட்டதாம்.

"இந்த மாசத்துக்குள்ள நீங்க கால மாட்டி நிக்கலன்னா, பிறகு நீங்க ஆசப்பட்டாலும் முட்டி நீளாது சார். அப்புறம் அந்தக் கால் மூலையிலதான் நிக்கணும். நீங்க கட்டில்லதான் இருக்கணும்."

சரி தம்பி என்றேன். அவர் போன பிறகு, மாட்டிப் பார்ப்போமா என்று செண்பகம் கேட்டாள். நாளைக்கு என்றேன். உலகம்மாள் துண்டை எடுத்து, உதறி, மறுபடி அதே காலின் மேல் போட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மாட்டினால் என் கால் போய்விட்டது என்று ஆகிவிடும். இப்போது மட்டும் போகவில்லையா என்று நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை 13

செண்பகமும் அவளுடைய கூட்டுக்காரி ரஹ்மத்தும் முன் அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் குறும்படப் போட்டி வருகிறது. இவர்கள் ஜாம்பி படம் எடுக்கிறார்கள். கடைசி டிரிப் பஸ்ஸில் செத்தவர்கள் ஏறிவிடுகிறார்கள். கண்டக்டரும் கடிபட்டு ஜாம்பி ஆகிறார். ஆனாலும் டிக்கெட் கேட்பதை விடமாட்டார். கதை எனக்குப் பிடித்திருந்தது. பயணிகள் கண்டக்டரின் காலைப் பிடித்து இழுக்க, கால் கழன்று வர வேண்டுமாம். அதை எப்படி எடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

நான் தூங்குவதாக நினைத்து ரஹ்மத், "ஏ, உங்க அப்பாவுக்குத்தான் ஏற்கெனவே கால் இல்லேல்லா. அவங்களயே நடிக்கச் சொன்னா என்ன?" என்றாள்.

செண்பகம் அவளை வாயை மூடு என்றாள். இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் வீட்டை விட்டுப் போ என்றாள். ரஹ்மத் அழுதுவிட்டாள். இருவரும் வெளியே போய்விட்டார்கள்.

ஜூலை 14

இன்று படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 16

மூன்று நாளாக அந்தப் பிள்ளை ரஹ்மத் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், வைத்தியம் பார்க்கிறவர்களைத் தவிர, என் காலைப் பற்றி வாய்விட்டுப் பேசிய முதல் ஆள் அவள்தான். அதுவும் என்ன பேசினாள்? அது ஒரு உபயோகத்துக்கு ஆகும் என்றாள்.

காலையில் இட்லி சாப்பிடும்போது செண்பகத்திடம் கேட்டேன். கால் கழலுகிற காட்சியில் கண்டக்டர் முதலிலேயே நொண்டிக்கொண்டு வருவாரா, ஒழுங்காக நடந்து வருவாரா?

அவள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஒழுங்கா நடந்து வரணும்பா. அப்பதான் கழலும்போது சிரிப்பு வரும்."

"அப்ப கால மாட்டி நடக்கப் பழகணும்."

"ஆமாப்பா."

"எத்தன நாள் இருக்கு?"

அடுத்த மாசம் பத்தாம் தேதி ஷூட்டிங் என்றாள். உலகம்மாள் அடுக்களையிலிருந்து வந்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. மூலைக்குப் போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

ஜூலை 17

மாட்டுவதற்கு முன்னால் உறை போட வேண்டும். உறை போட வேண்டுமென்றால் பார்க்க வேண்டும். பார்த்தேன். முனையில் தையல் போட்ட கோடு, சாந்துப்பொட்டு வைக்காத நெற்றி மாதிரி வெறுமனே இருந்தது. நான் நினைத்துவைத்திருந்த அளவுக்குப் பயங்கரமாக இல்லை. படங்களில் இதைவிட மோசமாகப் பார்த்திருக்கிறேன்.

சாமுவேல் தம்பியை வரவழைத்தோம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முட்டி நீளாமல் சண்டை போட்டது. வலியில் அந்தத் தம்பியை என்னென்னவோ திட்டிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, ஜாம்பி மாதிரி ஒரு சத்தம் போடுதீங்க சார் என்றார்.

ஜூலை 18

விழுந்தேன்.

ஜூலை 19

மறுபடியும் விழுந்தேன். இந்த முறை செண்பகத்தின் மேல். அவள் கீழே கிடந்தபடி, கட், ஒன் மோர் என்றாள்.

ஜூலை 27

கம்பியை விட்டுவிட்டு அடுக்களை வாசல் வரை போனேன். உலகம்மாள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். தோசை கருகியது. அந்தக் கருகின தோசையை நான்தான் சாப்பிட்டேன்.

ஓடுகிற பஸ்ஸில் கம்பி பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவன் நான். வண்டி வளைவில் சாயும்போது இடுப்பை எந்தப் பக்கம் கொடுக்க வேண்டும் என்பது உடம்புக்குத் தெரியும். இப்போது வீடே வளைவில் போகிற பஸ் என்று நினைத்துக்கொண்டு நடக்கிறேன். அப்படி நினைத்தால் நடை வருகிறது.

ஆகஸ்ட் 3

ரத்தம் பிரச்சினை. செண்பகமும் ரஹ்மத்தும் கடையில் வாங்கிய கலர்ப் பொடியைக் கரைத்துப் பார்த்தார்கள். ரோஸ் மில்க் மாதிரி இருந்தது. சண்டை தீர்ந்து இருவரும் மறுபடி ஒன்றாகிவிட்டார்கள். ரஹ்மத் என் முன்னால் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நல்ல யோசனை சொன்னே பிள்ளே என்றேன். அதற்கும் அழுதாள். அழுகைக்காரப் பிள்ளை.

ரோஸ் மில்க் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு உலகம்மாள் சொன்னாள், "மஞ்சளும் சுண்ணாம்பும் கரச்சா போதும். கையக் கடிக்காத அளவுக்கு நான் கரச்சித் தாரேன்."

ஒரு கிண்ணத்தில் கரைத்துக் காட்டினாள். அச்சு அசல் ரத்தம். பிள்ளைகள் இருவரும் குதித்தார்கள். அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆரத்தித் தண்ணீர். இரண்டு பேருக்கும் அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. அவள் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

இப்போது எழுதிவிடுகிறேன். அன்றைக்கு வாசலில் அவள் சொன்னது, "வலது கால எடுத்து வச்சு வாங்க" என்பதுதான். கல்யாணம் ஆகி வந்தவர்களுக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களுக்கும் எல்லா வீட்டிலும் சொல்வது. தட்டைக் கையில் எடுத்தால் தானாக வாயில் வரும் வார்த்தை. சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. நான் கத்தியதைவிட அவள் முகம் போன போக்குதான் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து என் எதிரில் அவள் சிரிக்கவில்லை. எந்த வார்த்தை எப்படி வந்துவிடுமோ என்று பயந்து பேச்சையே குறைத்துவிட்டாள். இத்தனை நாள் நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10

களைப்பாக இருக்கிறது, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

ஷூட்டிங் தளவாய் அண்ணாச்சியின் மச்சான் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில். அங்கே ஓடாத மினி பஸ் ஒன்று நிற்கிறது. செண்பகத்தின் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் முகத்தில் மாவும் கரியும் ரத்தமும் பூசிக்கொண்டு ஜாம்பியாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி பசிக்கிறது என்று பிரெட் தின்றாள். அந்தக் கோலத்தில் ஜாம்பி பிரெட் தின்பதைப் பார்த்து ஒர்க்‌ஷாப் மெக்கானிக் வேலையை நிறுத்திவிட்டார்.

உலகம்மாள் ஒரு வாளி நிறைய ரத்தம் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள். பாதியை முகங்களில் பூசினார்கள். மீதியைச் செடிக்கு மருந்து அடிக்கிற ஸ்ப்ரேயர் டப்பாவில் ஊற்றி மூடி வைத்தார்கள். கால் கழலும்போது சீட்டுக்கு அடியிலிருந்து ரஹ்மத் பம்ப் அடிக்க வேண்டும். ரத்தம் கூரை வரை போக வேண்டும்.

தளவாய் அண்ணாச்சிதான் படத்திலும் டிரைவர். அவருக்கு இந்த ஏற்பாடெல்லாம் மனசுக்கு ஒப்பவில்லை. வண்டியை எடுப்பதற்கு முன்னால் இப்படி ரத்தக் கோலமாக இருக்கலாமா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஓடாத வண்டி அண்ணாச்சி என்றேன். வண்டி வண்டிதான் என்றார். வழக்கம்போல நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு எங்கேயோ காணாமல் போய் வந்தார்.

காக்கிச் சட்டை, தோல் பை, விசில். மாட்டி ரொம்ப நாளாயிற்று. சட்டை தொளதொளவென்று இருந்தது. செயற்கைக் காலின் பட்டையைச் செண்பகம் பாதி தளர்த்திவிட்டாள். பின் வாசல் வழியாக ஏறி, முன்னால் வரை நடந்து வந்து, டிக்கெட், டிக்கெட் என்று உறும வேண்டும். இரண்டு ஜாம்பிகள் காலைப் பிடித்து இழுப்பார்கள். துணிமணி எல்லாம் ரத்தமாகிவிடும், மாற்றுவதற்கு வேறு இல்லை, அதனால் ஒரே டேக்தான் என்றாள்.

ஏறினேன். முதல் படியில் வலது காலை வைத்தபோது கொஞ்சம் ஆடியது. கம்பியைப் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் செத்தவர்கள் கையை நீட்டுகிறார்கள். நான் நடந்தேன். நடிக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. எட்டரை மணி வண்டி, படி வரை கூட்டம், உள்ள போங்க, உள்ள போங்க என்று வாயில் வந்துவிட்டது. அது வசனத்தில் இல்லை. பரவாயில்லை என்று செண்பகம் கையைக் காட்டினாள். விசிலை எடுத்து ஊதினேன். முன் சீட்டில் தளவாய் அண்ணாச்சி அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கியரைப் போட்டார். அவர் கண் கலங்கியிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

ஜாம்பிகள் இழுத்தார்கள். கால் கழன்று வந்தது. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு அலறினேன். ரஹ்மத் பம்ப் அடித்தாள். ரத்தம் கூரை வரை போனது.

மஞ்சளாக.

சுத்தமான மஞ்சள். என் மேல், ஜாம்பிகள் மேல், கேமரா மேல் எல்லாம் மஞ்சள். சட்டையில் ஏற்கெனவே சிவப்பாக இருந்த ரத்தமும் அது பட்ட இடமெல்லாம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. செண்பகத்தின் முகம் தொங்கிவிட்டது. ஒரே டேக் போயிற்று.

அப்போது பஸ்ஸுக்கு வெளியே ஜன்னலோரம் நின்ற உலகம்மாள் சொன்னாள், "ஏங்க, உங்க உடம்புக்குள்ள சாம்பாரா ஓடுது?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்தினாள். அவளால் அடக்க முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து சிரித்தாள். அவளைப் பார்த்து நான் ஆரம்பித்தேன். ஒற்றைக் காலில் நின்று சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. என் காலைக் கையில் வைத்திருந்த ஜாம்பி சிரித்தான். பஸ்ஸே குலுங்கியது. எல்லோரும் என் காலைப் பார்த்துச் சிரித்தார்கள், கழன்றதையும் மீதி இருப்பதையும். பார்க்கட்டும் என்று இருந்தது. நான் அந்தக் காலைப் பிடுங்கி, சில்லறை இல்லேன்னா எறங்கு என்று கைக்கு எட்டிய ஒவ்வொரு ஜாம்பியையும் அதனாலேயே அடித்தேன். ரஹ்மத் கெட்டிக்காரி. பம்பை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கேமராவைப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் பதிவாகியிருக்கிறது.

எப்படி மஞ்சளாயிற்று என்று பிறகுதான் தெரிந்தது. தளவாய் அண்ணாச்சி, ரத்தத்தோடு வண்டி கிளம்பக் கூடாது, திருஷ்டிக் கழிப்பு கழித்துவிடலாம் என்று, மீதி எலுமிச்சம்பழத்தை எல்லாம் அறுத்து யாருக்கும் தெரியாமல் அந்த ஸ்ப்ரேயர் டப்பாவுக்குள் பிழிந்துவிட்டிருக்கிறார். புளிப்பு பட்டால் சிவப்பு போய் மறுபடி மஞ்சளாகிவிடும் என்று உலகம்மாள் சொன்னாள். அண்ணாச்சி, "நல்லதுக்குத்தானவே செஞ்சேன்" என்றார். நல்லதுக்குத்தான் ஆயிற்று. படத்தில் செத்தவர்களுக்கு மஞ்சள் ரத்தம்தான் என்று செண்பகம் முடிவு செய்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். ஆட்டோவிலிருந்து நானே இறங்கினேன். உலகம்மாள் முன்னால் போய்க் கதவைத் திறந்தாள். நான் வாசலில் நின்றுகொண்டேன்.

"என்ன, வலிக்கா?" என்று திரும்பி வந்தாள்.

தட்டை எடுத்து வா என்றேன். எந்தத் தட்டு என்று அவள் கேட்கவில்லை. வாளி அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று செண்பகம் சொல்ல, அது பொணத்துக்குப் பூசினது, ஆகாது என்று சொல்லிவிட்டு உலகம்மாள் உள்ளே போனாள். புதிதாகக் கரைத்து எடுத்து வந்தாள். எதிர்வீட்டில் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் பார்த்தார்கள். மூஞ்சியெல்லாம் மஞ்சளாக நிற்கிற எனக்கு அவள் சுற்றினாள். நெற்றியில் பொட்டு வைத்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. தட்டை வைத்துக்கொண்டு ஒதுங்கி வழி விட்டாள்.

நான் நகரவில்லை.

"சொல்லு" என்றேன்.

மாட்டேன் என்று அவள் தலையை ஆட்டினாள்.

"நீ சொன்னாத்தான் வருவேன், உலகு."

கொஞ்ச நேரம் தட்டில் இருந்த தண்ணீரையே பார்த்தாள். பிறகு நிதானமாக, எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"வலது கால எடுத்து வச்சு வாங்க."

எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 11

சாம்பாரில் உப்பு கம்மி. சொன்னேன். உப்பு அடுக்களையில்தான் இருக்கிறது, எழுந்து போய் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்றாள். எழுந்து போய் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.